கடல் கடந்து வந்த சபையார் – பகுதி 11
மூடிய கதவுக்குள் பதின்மூன்று ஆண்டுகள்

1812இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட முதல் மிஷனரிக் குழுவைக் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் தங்கவிடாமல் விரட்டியதையும், அக்குழுவைச் சேர்ந்த சாமுவேல் நியூவெல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தைத் தேர்ந்து பாஸ்டனிலிருந்த மிஷன் தலைமைக்கு எழுதியதையும், அதன் விளைவாக 1816இல் டானியல் பூவர், பெஞ்சமின் மெய்க்ஸ் முதலியோர் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கீசர் கட்டி ஒல்லாந்தர் பேணிப் பின் பாழடைந்து கிடந்த தேவாலயங்களில் குடியேறியதையும் முந்தைய பகுதிகள் விவரித்தன.

அந்த முதல் குழுவுக்குப் பின், 1819 ஜூன் 8ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'இண்டஸ்' என்ற கப்பலில் இரண்டாம் குழு புறப்பட்டது. லீவை ஸ்போல்டிங், ஹென்றி உட்வார்ட், மருத்துவர் ஜான் ஸ்கடர், மிரோன் வின்ஸ்லோ ஆகிய நால்வரும் அவர்களுடைய மனைவியரும் அதில் இருந்தனர்.

இந்தப் பகுதி அந்த நால்வரில் ஒருவரின் குடும்பத்தைப் பற்றியது. தமிழர் வின்ஸ்லோ என்ற பெயரை ஓர் அகராதியோடு சேர்த்தே அறிவர். ஆனால் அகராதிக்கு இருபத்தேழு ஆண்டுகள் முன்பே, 1835இல், அவர் வேறொரு நூலை நியூயார்க்கில் வெளியிட்டார். அது அவருடைய மனைவி ஹாரியட்டின் நினைவுநூல்.

நினைவுநூல் என்பது அக்கால அமெரிக்கச் சபைகளில் வேரூன்றியிருந்த ஓர் எழுத்து வகை. இறந்த ஒருவரின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் நெருங்கிய ஒருவர் தொகுத்து, இடையிடையே விளக்கம் எழுதி, வாசிப்போரின் பக்தியைத் தூண்டும் நோக்கில் வெளியிடுவது அதன் முறை. 1812இல் மொரீஷியஸ் தீவில் பத்தொன்பது வயதில் இறந்த ஹாரியட் நியூவெல்லின் நினைவுநூல் பல பதிப்புகள் கண்டு, நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களின் வீடுகளில் இளம்பெண்கள் கையில் புழங்கியது. அதை வாசித்த தலைமுறையைச் சேர்ந்தவர்தான் ஹாரியட் வின்ஸ்லோவும்.

ஒரு குடும்பம் தன் அயல்நாட்டு ஊழியத்தைத் திரும்பிப் பார்க்கும்போது எதைக் கண்டது, எதைக் காணாமல் விட்டது என்பதை அறிய யாழ்ப்பாண மிஷன் வரலாற்றில் இதைவிட நல்ல சான்று குறைவு.

* * *

நார்விச்சிலிருந்து உடுவிலுக்கு

ஹாரியட் லேத்ரப் 1796 ஏப்ரலில் கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் நகரில் பிறந்தார். வசதியும் சபைச் செல்வாக்கும் உள்ள குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதமும் கற்பிக்கும் ஞாயிற்றுப்பள்ளி என்ற முறை அந்நகருக்குப் புதிதாக வந்தபோது அதை முன்நின்று நடத்தியவர் அவர். எனவே உடுவிலில் அவர் தொடங்கிய பள்ளிக்கு ஒரு முன்னோட்டம் நார்விச்சிலேயே நடந்துவிட்டிருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

மிரோன் வின்ஸ்லோ வெர்மான்ட் மாநிலத்தவர். ஹாரியட்டைவிட ஆறு வயது மூத்தவர். ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் பயின்றவர். அந்தக் கல்லூரி அந்நாளில் அமெரிக்க மிஷனரிகளின் நாற்றங்காலாக இருந்தது. 1819 ஜனவரியில் இருவருக்கும் திருமணம் நடந்தது. ஐந்தே மாதத்தில் கப்பலேறினர்.

பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு நான்கு மாதத்திற்கும் மேலான கடற்பயணம். சூயஸ் கால்வாய் வெட்டப்படுவதற்கு ஐம்பது ஆண்டுகள் முந்திய காலம் அது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் வர வேண்டும். மருத்துவர் ஸ்கடர் தம்பதியின் குழந்தை கல்கத்தாவில் இறந்தது. யாழ்ப்பாணத்தை எட்டுமுன்பே குழுவுக்குக் கிடைத்த முதல் இழப்பு அதுவே.

1820இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்த வின்ஸ்லோ தம்பதிக்கு அவ்வாண்டிலேயே உடுவில் ஒதுக்கப்பட்டது. பனையும் புகையிலைத் தோட்டமும் சூழ்ந்த அந்த ஊரிலும் ஒரு பழைய தேவாலயமும் குருமனையும் இடிந்து கிடந்தன. அவற்றைப் பழுதுபார்த்துக் குடியேறுவதும், காலையில் ஓர் உபாத்தியாயரிடம் தமிழ் கற்பதும், பின்னேரத்தில் ஊருக்குள் சென்று திண்ணைப்பள்ளிகளை மேற்பார்ப்பதுமாக அவர்களுடைய முதல் ஆண்டு கழிந்தது.

அந்த ஆண்டில்தான், உடுவிலுக்குத் தெரியாமல், கொழும்பில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது.

* * *

கொழும்பிலிருந்து வந்த கட்டளை

இலங்கையின் ஆளுநர் ராபர்ட் பிரௌன்றிக் அமெரிக்கர்களிடம் நல்லெண்ணம் காட்டியவர். கண்டி இராச்சியம் வீழ்ந்த காலத்து ஆளுநரான அவர், வடபகுதியில் பாழடைந்த தேவாலயங்களை எவரேனும் ஏற்றுப் பள்ளி நடத்தினால் போதும் என்ற அளவில் அம்மிஷனை அனுமதித்தார். 1820இல் அவர் நாடு திரும்பினார். எட்வர்ட் பார்ன்ஸ் துணை ஆளுநராகப் பொறுப்பேற்றார்.

அவ்வாண்டு ஜேம்ஸ் காரெட் என்ற அச்சுத் தொழிலாளர் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மிஷனுக்கென்று ஓர் அச்சுக்கூடம் வைப்பதே அவர் வந்த நோக்கம். ஆனால் அவர் தீவை விட்டு வெளியேற வேண்டும் என்று கட்டளை வந்தது. ஏற்கெனவே உள்ள அமெரிக்கர்கள் இருந்துகொள்ளலாம், புதிதாக எவரும் வரக்கூடாது என்பதே அரசின் நிலைப்பாடு. பிரித்தானியக் குடியேற்ற நாடொன்றில் மதப்பணி செய்யப் பிரித்தானியரே போதும் என்று அரசு கருதியது. 1812 முதல் 1815 வரை இரு நாடுகளும் போரிட்டுக்கொண்டவை என்பதையும் இங்கு நினைவில் கொள்ளலாம்.

இந்தத் தடை 1833வரை நீடித்தது. பதின்மூன்று ஆண்டுகள்.

மிஷன் வரலாறுகள் இத்தடையைப் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன. அச்சுக்கூடம் தாமதமானதே அதன் விளைவு என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் குடும்பங்களின் நோக்கிலிருந்து பார்த்தால், உடுவில், தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, மானிப்பாய் ஆகிய நிலையங்களில் நடந்த பலவற்றுக்கு அந்தக் கட்டளையே வேர் என்று தோன்றும். இறந்தவர் இடத்தை நிரப்ப ஆள் வராது. களைத்தவர் ஓய்வுக்குப் போனால் பணி நின்றுவிடும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஓர் ஆசிரியையைக்கூட வரவழைக்க இயலாது.

இறப்பும் குறைவாக இல்லை. 1821இல் டானியல் பூவரின் மனைவி சூசன் இறந்தார். 1822இல், முதல் குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் நீண்ட நோய்க்குப் பின் இறந்தார். 1825இல் உட்வார்டின் மனைவி லிடியா மறைந்தார்.

வெளியிலிருந்து ஆள் வராத நிலையில் உறவுகள் உள்ளுக்குள்ளேயே பின்னப்பட்டன. நல்லூரில் இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷன் ஒன்று இயங்கியது. அதன் தலைவர் யோசேப்பு நைட். அவருடைய தங்கை ஆனைப் பூவர் மறுமணம் செய்தார். ரிச்சர்ட்ஸின் விதவை சாராவை நைட் மணந்தார். அமெரிக்கச் சபையும் ஆங்கிலச் சபையும் வெவ்வேறு வழிபாட்டு மரபுகளைச் சேர்ந்தவை என்றாலும், யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகளுக்குள் சம்பந்திகளாகிவிட்டன. இந்த யோசேப்பு நைட்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் அவர் மீண்டும் வருவார்.

* * *

இரண்டு பிரிப்புகள்

மிஷன் நடத்திய பள்ளிகள் இரு வகை. ஊர்ப்பள்ளிகளில் பிள்ளைகள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பினர். ஆசிரியர்கள் பெரும்பாலும் சைவர்களே. விடுதிப்பள்ளிகளிலோ பிள்ளைகள் மிஷன் வளவுக்குள்ளேயே தங்கி, உண்டு, உறங்கிப் படித்தனர். வீட்டின் வழிபாடும் சடங்கும் பிள்ளையின் மனத்தில் பதியுமுன் அவனை வேறொரு சூழலில் வளர்த்துவிட வேண்டும் என்பதே விடுதியின் உட்கருத்து. மிஷனரிகள் அதை ஒளிக்கவும் இல்லை.

பெற்றோர் எளிதில் இணங்கவில்லை. மிஷன் வீட்டுச் சமையலைத் தொடுவதைச் சாதி வழக்கம் தடுத்ததால், தொடக்கத்தில் பிள்ளைகளுக்கென்று தனிச் சமையலிடமும் உயர்சாதியைச் சேர்ந்த சமையல்காரரும் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. பெண்பிள்ளைகளைப் பெறுவது இன்னும் கடினம். எழுத்தறிவு கோயிலைச் சார்ந்த ஆடல்மகளிருக்கே உரியது, குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்ற எண்ணம் ஊரில் உறைந்திருந்தது.

இந்தச் சூழலில் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப்பள்ளி தொடங்கியது. ஆசியாவின் முதல் பெண்கள் விடுதிப்பள்ளி என்று பலரும் குறிப்பிடும் உடுவில் மகளிர் கல்லூரியின் தோற்றம் இதுவே. அதன் அன்றாட நிர்வாகம் ஹாரியட் கையில் இருந்தது. முந்தைய ஆண்டில் வட்டுக்கோட்டையில் தொடங்கப்பட்ட செமினரி என்னும் உயர்கல்விக்கூடத்தில் படித்து வெளிவரும் கிறிஸ்தவ இளைஞர்களுக்குப் படித்த கிறிஸ்தவ மனைவியர் வேண்டும் என்ற கணக்கும் இப்பள்ளியின் பின்னால் இருந்தது. படிப்பை முடிக்கும் பெண்ணுக்கு மிஷனே ஒரு சிறு சீதனம் கொடுத்தது. சீதனம் இன்றிக் கலியாணம் இல்லாத நாட்டில், மகளை அனுப்பலாமா என்று தயங்கிய தகப்பனுக்கு வேதவசனத்தைவிட அந்தச் சீதனமே உறுதியான வாக்காகத் தெரிந்திருக்கும்.

பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு வேறொரு மாற்றமும் நேர்ந்தது. அமெரிக்காவில் ஒரு குடும்பமோ சபையோ ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்பி ஒரு பிள்ளையைத் தாங்கியது; தாங்கியவர் விரும்பிய பெயர் அந்தப் பிள்ளைக்கு இடப்பட்டது. பின்னாளில் 'உதயதாரகை' இதழை நடத்திய ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இருவரும் இம்முறையில் பெயர் பெற்ற யாழ்ப்பாணத் தமிழர்களே. உடுவில் பெண்களுக்கும் நியூ இங்கிலாந்துச் சீமாட்டிகளின் பெயர்கள் இடப்பட்டன.

இனி இதன் மறுபக்கம்.

மிஷனரிகளின் சொந்தப் பிள்ளைகள் ஆயாக்களின் இடுப்பில் வளர்ந்தனர். தாய் பள்ளியிலும் தந்தை ஊர்களிலும் இருக்க, பிள்ளையின் முதற்சொற்களில் பாதி தமிழாகவே வந்தன. பிள்ளை ஆங்கிலத்தைவிடத் தமிழை விரைந்து பேசுவது பெற்றோருக்கு மகிழ்ச்சி தரவில்லை, அச்சமே தந்தது. வேலைக்காரரின் பேச்சோடு அவர்களுடைய கதைகளும் தெய்வங்களும் பிள்ளையின் காதில் ஏறும் என்று அவர்கள் நம்பினர். யாழ்ப்பாணத்தில் மட்டும் எழுந்த அச்சம் அன்று இது; ஹவாய்த் தீவுகளிலிருந்த அமெரிக்கர்கள் இதே காரணத்தால் 1841இல் தங்கள் பிள்ளைகளுக்கென்றே புனஹோ பள்ளியை நிறுவினர். அங்கு அதற்குப் போதிய குடும்பங்கள் இருந்தன. கதவு மூடப்பட்ட யாழ்ப்பாணத்தில் இல்லை.

ஆக, ஒரே வளவுக்குள் இரண்டு பிரிப்புகள் நடந்துகொண்டிருந்தன. தமிழ்ப் பிள்ளையைத் தமிழ் வீட்டிலிருந்து பிரித்து மிஷன் விடுதியில் வைத்தனர். தம் பிள்ளையைத் தமிழ்ச் சூழலிலிருந்து பிரிக்க வழி தேடினர். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: வளரும் இடம் பிள்ளையை ஆக்கும் என்ற உறுதி. உடுவிலின் தாய்மார் மகளை விடுதி வாசலில் விட்டுத் திரும்பியபோது அழுத அழுகையைப் பிடிவாதம் என்று பார்த்தவர்களுக்கு, அதே அழுகை தங்கள் வாசலுக்கு வரும் என்பது அப்போது தெரியவில்லை.

* * *

சார்லஸ்

வின்ஸ்லோ தம்பதியின் மூத்த மகன் சார்லஸ் லேத்ரப் வின்ஸ்லோ 1821 ஜனவரியில் பிறந்தான். தாயின் குடும்பப் பெயரைத் தாங்கிய அவன், உடுவிலில் பத்து வயதுவரை வளர்ந்தான். தங்கைகள் சிலர் பிறந்தனர். சில குழந்தைகளை யாழ்ப்பாண மண்ணில் புதைக்கவும் நேர்ந்தது.

பத்து வயது ஆண்பிள்ளைக்கு அடுத்து என்ன என்ற கேள்வி வந்தது. அமெரிக்க வாழ்க்கைக்கு அவனை ஆயத்தப்படுத்தும் பள்ளி தீவில் இல்லை. செமினரியில் தமிழ் இளைஞரோடு உட்காரவைக்கலாம். ஆனால் எந்தச் சூழலிலிருந்து அவனைக் காக்க எண்ணினார்களோ அதற்குள்ளேயே அனுப்புவதாக அது முடியும். பெற்றோரில் ஒருவர் அவனோடு திரும்பலாம். ஆனால் மூடிய கதவு. போனவர் திரும்பி வர அனுமதி கிடைக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. உடுவிலைவிட்டு ஹாரியட் போனால் பள்ளி என்ன ஆகும்?

மிஷனரிப் பெற்றோர் பலரும் அக்காலத்தில் எடுத்த முடிவையே இவர்களும் எடுத்தனர். பிள்ளையைத் தனியே அனுப்புவது. நான்கு மாதக் கடல், அறிமுகமானவர் பொறுப்பில் ஒரு சிறுவன், மறுகரையில் காத்திருக்கும் பாட்டன்வீடு.

கடிதப் போக்குவரத்தின் வேகத்தையும் இங்கு கருத வேண்டும். யாழ்ப்பாணத்தில் எழுதியது நார்விச்சை அடைய நான்கைந்து மாதம். மறுமொழி வந்து சேர ஏறத்தாழ ஓராண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற செய்தி தாய்க்கு எட்டும்போது, அந்தக் காய்ச்சல் மாதக்கணக்கில் பழைய செய்தியாகியிருக்கும்.

சார்லஸ் அமெரிக்காவை அடைந்தான். 1832இல் நியூயார்க்கில் இறந்தான். பதினோரு வயது.

அவனைப் பற்றியும் ஒரு சிறு நினைவுநூல் பின்னர் வெளிவந்து ஞாயிற்றுப்பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுக்கப்பட்டது. பதினோரு வயதுச் சிறுவனின் வாழ்வில் நினைவுநூலுக்கு வேண்டிய அளவு பொருள் இருந்ததா என்று இன்றைய வாசகர் வியக்கலாம். அக்காலத்தவருக்கு அந்த ஐயம் எழவில்லை. பக்தியோடு இறந்த குழந்தை அவர்களுக்கு முழுமை பெற்ற ஒரு கதை.

* * *

கதவு திறந்தது

1833 ஜனவரி 14ஆம் நாள் ஹாரியட் வின்ஸ்லோ உடுவிலில் இறந்தார். வயது முப்பத்தாறு. திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகள் நிறைந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. உடுவிலிலேயே அடக்கம் நடந்தது.

அதே 1833இல், ஆளுநர் வில்மட் ஹார்ட்டனின் ஆட்சியில், அமெரிக்கர் மீதான தடை நீங்கியது. அக்டோபரில் புதிய மிஷனரிகள் யாழ்ப்பாணம் வந்து இறங்கினர். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்த அந்தக் குழுவில் சாமுவேல் ஹட்சிங்ஸ் என்பவரும் அவர் மனைவி எலிசபெத்தும் இருந்தனர். எலிசபெத் ஹாரியட்டின் தங்கை.

ஒன்பது மாத இடைவெளி. தமக்கை வாழ்ந்த காலம் முழுவதும் மூடியிருந்த கதவு, அவர் கண்மூடிய ஆண்டிலேயே தங்கைக்குத் திறந்தது. பின்னாளில் ஹாரியட்டின் நினைவுநூல் தன் தலைப்பிலேயே குறிப்பிட்ட பதின்மூன்று ஆண்டு ஊழியமும், அரசுத் தடையின் பதின்மூன்று ஆண்டும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன. ஹாரியட் தம் ஊழியத்தில் திறந்த கதவைக் கண்டதே இல்லை.

எலிசபெத்தோடு முடியவில்லை. லேத்ரப் வீட்டின் மேலும் இரு தங்கைகள் மிஷனரிகளை மணந்து தமக்கையின் வழியைப் பின்பற்றினர். ஆக, ஒரே பெற்றோரின் நான்கு பெண்கள். அவர்களில் ஹாரியட் ஜோவன்னாவும் அவர் கணவர் பெரியும் 1838 மார்ச்சில் வாந்திபேதியால் ஒருவர்பின் ஒருவராகச் சில நாட்களுக்குள் மாண்டனர். மற்றொரு தங்கை சார்லட் அதற்கு முந்தைய ஆண்டே இறந்திருந்தார். நார்விச்சின் ஒரு வீடு தன் பெண்களை இப்படி வரிசையாக அனுப்பியதை வெறும் பக்தி என்று கூறிக் கடந்துவிட முடியாது. தமக்கையின் கடிதங்களை ஆண்டுக்கணக்கில் வாசித்த வீட்டில் யாழ்ப்பாணம் ஏறத்தாழ ஒரு சொந்த ஊராகிவிட்டது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

* * *

நூல் வைத்துக்கொண்டதும் விட்டதும்

மனைவியை இழந்த மிரோன் வின்ஸ்லோ பெண்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அமெரிக்கா திரும்பினார். மகனைத் தனியே அனுப்பிய தந்தை இம்முறை தாமே உடன் சென்றார். அங்கு ஹாரியட்டின் கடிதங்களும் குறிப்புகளும் அவர் கைக்கு வந்தன. அவற்றைத் தொகுத்து, இலங்கை மிஷனின் சுருக்க வரலாற்றையும் சேர்த்து 1835இல் நூலாக்கினார்.

எழுதியவரின் நிலையை மறக்காமல் அந்நூலைப் பார்க்க வேண்டும். அவர் துணையை இழந்த கணவர். அதே வேளையில் அமெரிக்கச் சபைகளிடம் புதிய ஆட்களும் பணமும் கேட்டு நின்ற ஒரு மிஷனின் பேராளர். கதவு இப்போதுதான் திறந்திருக்கிறது. உள்ளே வர ஆட்கள் வேண்டும். எனவே துயரம் அந்நூலில் மறைக்கப்படவில்லை என்றாலும், ஒவ்வொரு இழப்பும் இறுதியில் ஓர் அழைப்பாகத் திரும்புகிறது. இவர் கொடுத்துவிட்டார், அடுத்து யார் என்பதே அந்த எழுத்து வகையின் உள்ளோட்டம்.

இதனால் ஒரு சமநிலைக் குறைவு ஏற்பட்டது. பிள்ளையைப் பிரிந்த அமெரிக்கத் தாயின் நெஞ்சம் நூலில் இடம்பெறுகிறது. அவர் பள்ளிக்குப் பிள்ளையைக் கொடுத்த தமிழ்த் தாயின் நெஞ்சத்துக்கு நினைவுநூல் எழுதுவாரில்லை. மிஷன் ஏடுகளில் அந்தப் பெண்பிள்ளைகள் தாங்கியவர் இட்ட பெயராலேயே வருகின்றனர்; பெற்றோர் அழைத்த பெயரைக் கண்டறிவதே இன்று ஆய்வாளருக்குப் பெரும்பாடு. ஆயாக்கள் ஆயாக்களாகவே நின்றுவிடுகின்றனர். சார்லஸுக்கு முதல் தமிழ்ச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தவரின் பெயர் அவனுடைய நினைவுநூலின் நோக்கத்துக்குள் வரவில்லை.

இதை வின்ஸ்லோவின் தனிப்பட்ட குற்றமாகக் கொள்வது நேர்மையாகாது. வாசகர் நார்விச்சிலும் பாஸ்டனிலும் இருந்தனர், உடுவிலில் இல்லை. ஆனால் யாழ்ப்பாணப் பெண்கல்வியின் முதல் பத்தாண்டுகளைப் பற்றி இன்று அறியக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி இத்தகைய நூல்களிலிருந்தும் மிஷன் அறிக்கைகளிலிருந்துமே வருவதால், அவை யாரை நோக்கிப் பேசின என்பதை மறந்தால் வரலாறும் ஒருபக்கமாகவே சாயும்.

நூல் தன் வேலையைச் செய்தது. மறுபதிப்பும் கண்டது. உடுவில் பள்ளியின் பொறுப்பை ஸ்போல்டிங் தம்பதி ஏற்க, அது நின்றுபோகாமல் வளர்ந்தது. அடுத்த ஏழாண்டுகளில் அங்கு வந்து சேரவிருந்த எலிசா ஆக்னியூ என்ற பெண்மணி, ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாமல் நாற்பதாண்டுக்கும் மேல் யாழ்ப்பாணத்திலேயே வாழ்ந்து மறையப்போகிறவர். அவரைப் பற்றித் தனியே ஒரு பகுதி வரும்.

* * *

சென்னையில் ஒரு மேசை

பிள்ளைகளை அமெரிக்காவில் விட்டுவிட்டு மிரோன் வின்ஸ்லோ மீண்டும் கீழ்த்திசைக்குக் கப்பலேறினார். 1836இல் அவரும் ஸ்கடரும் சென்னையில் அமெரிக்க மிஷனைத் தொடங்கினர்.

இங்குதான் நல்லூரின் யோசேப்பு நைட் மீண்டும் வருகிறார். தமிழுக்கு ஒரு பேரகராதி செய்ய வேண்டும் என்று சொற்களைத் திரட்டத் தொடங்கியிருந்த அவர் 1840இல் இறந்தார். அவர் சேர்த்தவை அமெரிக்க மிஷன் கைக்கு வந்து, எலிசபெத்தின் கணவர் ஹட்சிங்ஸ், ஸ்போல்டிங், வெஸ்லியன் சபையின் பீட்டர் பேர்சிவல் எனப் பலர் கையில் ஏறி இறங்கி, இறுதியில் சென்னையில் வின்ஸ்லோவின் மேசைக்கு வந்து சேர்ந்தன. இராமாநுச கவிராயர், விசாகப்பெருமாள் ஐயர் முதலிய தமிழ்ப் புலவர்களின் துணையோடு, இலக்கியச் சொல்லும் வழக்குச் சொல்லும் கலந்த 67,000க்கும் மேற்பட்ட சொற்களை அவர் ஒழுங்குபடுத்தினார். அந்த அகராதி 1862இல் வெளிவந்தது. இரண்டாண்டு கழித்து, தாய்நாடு திரும்பும் வழியில், 1864 அக்டோபரில் தென்னாப்பிரிக்க முனையில் அவர் இறந்தார்.

மனைவியின் வாழ்வை நூலாக்க இரண்டாண்டும் எடுக்கவில்லை. ஒரு மொழியின் சொற்களை நூலாக்க எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி சென்றது. தம் பிள்ளைகளின் நாவில் ஏறுவதை அஞ்சிய அதே மொழிக்கு, அதே வேலைக்காரர்களும் ஊராரும் பேசிய வழக்குச் சொற்கள் உட்பட, நாள்தோறும் பல மணிநேரம் அவர் கொடுத்தார். இந்த முரணை அவர் உணர்ந்திருந்தாலும் அகராதியில் அதற்கு இடமில்லை.

ஆனால் இந்தக் கதையில் ஒருவர் எஞ்சியிருக்கிறார். 1829இல் பிறந்து, தாயின் பெயரையே தாங்கி, தாய் இறந்தபின் சிறுகுழந்தையாகக் கப்பலேறிச் சென்ற மகள் ஹாரியட் லேத்ரப் வின்ஸ்லோ. அவர் ஜான் வெல்ஷ் டல்லஸ் என்ற இளம் மிஷனரியை மணந்தார். கணவனும் மனைவியும் 1849இல் வந்து இறங்கிய இடம் சென்னை. தந்தை இருந்த ஊர்.

டல்லஸ் தம்பதி சில ஆண்டுகளே தங்கினர். உடல்நலக் குறைவால் 1853இல் திரும்பினர். திரும்பியபின் டல்லஸ், சென்னையையும் நீலகிரியையும் கல்கத்தாவையும் பற்றி அமெரிக்க இளையோருக்காக ஒரு நூல் எழுதினார். ஆக, இரண்டாம் தலைமுறையும் தன் ஊழியத்தை நினைவுகூர்ந்து ஒரு நூலை விட்டுச் சென்றது. 1854இல் அவர்களுக்குப் பிறந்த மகனின் மக்கள் இருவர், நூறாண்டு கழித்து அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சராகவும் உளவுத்துறையான சிஐஏவின் தலைவராகவும் ஒரே காலத்தில் அமர்ந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், ஆலன் டல்லஸ் சகோதரர்கள். உடுவில் கல்லறைக்கும் வாஷிங்டனுக்கும் இடையே ஓடும் இந்த இழை இத்தொடரின் எல்லைக்கு வெளியே செல்வது; எனவே அதை இங்கேயே விட்டு 1849இன் சென்னைக்குத் திரும்பலாம்.

தந்தை அகராதிச் சொற்களோடு உழன்ற அந்த ஊரில், இருபது வயது மகள் மீண்டும் ஒரு மிஷன் வீட்டை நடத்த அமர்ந்தார். அவரைச் சுற்றி ஆயாக்களும் சமையல்காரரும் தெருவில் போவோரும் பேசியது, நான்கு வயதில் அவர் விட்டுச் சென்ற மொழி. அதை அவர் எழுத்துக்கூட்டிப் புதிதாகக் கற்கத் தொடங்கினாரா, அல்லது உடுவிலின் ஆயா ஒருத்தி இடுப்பில் வைத்துச் சொல்லிய ஏதோ ஒரு சொல் தானாக நாவில் வந்து நின்றதா?

(தொடரும்)